ஊதியம் தருபவரையே சோதிக்கும் பணி: தணிக்கையாளரின் சுதந்திரம் எங்கே நிற்கிறது?

புது தில்லி: ஒரு நிறுவனத்தின் கணக்குகள் உண்மையானவையா என்று முதலீட்டாளர்களுக்கும் வங்கிகளுக்கும் அரசுக்கும் சான்றளிப்பவர் தணிக்கையாளர். அவருக்கு ஊதியம் வழங்குவதோ, அவர் எவருடைய கணக்கைச் சோதிக்கிறாரோ அதே நிறுவனம். இந்த முரண்பாட்டைக் கட்டுக்குள் வைக்க நிறுவனங்கள் சட்டம் 2013 பல தடுப்புகளை ஏற்படுத்தியது. அவற்றைக் கண்காணிக்க 2018-ஆம் ஆண்டில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் (என்.எஃப்.ஆர்.ஏ.) அமைக்கப்பட்டது. அந்த ஆணையத்தின் நடைமுறையே நடுநிலையானதா என்ற கேள்வி 2025-ஆம் ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றத்தில் எழுந்து, உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

தணிக்கைத் துறையின் உள்விவகாரமாகத் தோன்றும் இந்த வழக்கின் விளைவு, பங்குச் சந்தையில் நேரடியாகப் பணம் போடாதவர்களையும் தொடக்கூடியது. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, காப்பீட்டு நிறுவனங்கள், பரஸ்பர நிதிகள் ஆகியவை பொதுமக்களின் சேமிப்பைப் பெருநிறுவனங்களின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்கின்றன. அந்த முடிவுகளுக்கு அடிப்படை, தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்கு அறிக்கைகளே.

சத்யம் கற்பித்த பாடம்

2009 ஜனவரி 7 அன்று, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பி. ராமலிங்க ராஜு, தமது நிறுவனத்தின் கணக்குகள் பல ஆண்டுகளாகத் திரிக்கப்பட்டு வந்ததாக இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். புத்தகத்தில் ரூ.5,361 கோடி எனக் காட்டப்பட்டிருந்த ரொக்க, வங்கி இருப்பில் ரூ.5,040 கோடி உண்மையில் இல்லாதது என்று அதில் ஒப்புக்கொண்டார்.

வங்கியில் பணம் இருக்கிறதா என்று அறிவது தணிக்கைப் பணியின் மிக எளிய படிகளுள் ஒன்று. தணிக்கையாளர் வங்கிக்கு நேரடியாகக் கடிதம் அனுப்பி, இருப்பை உறுதி செய்யும் பதிலை நேரடியாகப் பெற வேண்டும். சத்யம் விவகாரத்தில் அவ்வாறு நடக்கவில்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு 2011 ஏப்ரலில் சுட்டிக்காட்டியது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்திய நிறுவனங்கள், அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பதில்களைப் பெறுவதையும் வாடிக்கையாளரான சத்யம் நிர்வாகத்தின் கையிலேயே விட்டிருந்தன என்பது அதன் முடிவு. அந்த அமைப்புக்கு 60 லட்சம் டாலரும், அமெரிக்கத் தணிக்கை மேற்பார்வை வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் அபராதமாகச் செலுத்த இந்திய நிறுவனங்கள் இசைந்தன.

இங்கு கவனிக்க வேண்டியது, சான்று கேட்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதே. பல ஆண்டுகள் ஒரே வாடிக்கையாளருடன் பணியாற்றும்போது ஏற்படும் பழக்கம், ‘அவர்களே வாங்கித் தருவார்கள்’ என்ற நம்பிக்கையாக மாறுகிறது. தணிக்கையாளரின் சுதந்திரம் பறிபோவதற்கு இலஞ்சமோ மிரட்டலோ தேவையில்லை. இத்தகைய நம்பிக்கையே போதும்.

இந்தியாவில் நடவடிக்கை மெதுவாகவே நகர்ந்தது. ராஜு உள்ளிட்டோருக்கும் இரு தணிக்கையாளர்களுக்கும் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் 2015 ஏப்ரலில் தண்டனை விதித்தது. அதை எதிர்த்து அவர்கள் மேல்முறையீடு செய்தனர். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் குழும நிறுவனங்கள் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களைத் தணிக்கை செய்ய 2018 ஜனவரியில் செபி இரண்டு ஆண்டு தடை விதித்தது. மோசடி வெளியாகி ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்தத் தடையையும் பங்குகள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2019 செப்டம்பரில் ரத்து செய்தது.

சட்டம் எழுப்பிய வேலிகள்

சத்யம் விவகாரத்தின் நிழலில் உருவானதுதான் நிறுவனங்கள் சட்டம் 2013. தணிக்கையாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே அது நான்கு வகையான வேலிகளை எழுப்பியது.

முதலாவது, காலவரம்பு. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பிற நிறுவனங்களிலும், தனிநபர் தணிக்கையாளர் தொடர்ந்து 5 ஆண்டுகளும், தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுகளும் மட்டுமே பணியாற்ற முடியும் என்று 139-ஆவது பிரிவு கூறுகிறது. அதன்பின் 5 ஆண்டு இடைவெளி கட்டாயம்.

இரண்டாவது, பண உறவுக்குத் தடை. தாம் தணிக்கை செய்யும் நிறுவனத்தில் தணிக்கையாளரோ அவரது பங்காளரோ பங்கு வைத்திருக்கக் கூடாது. உறவினர்கள் வைத்திருக்கக்கூடிய பங்குகளுக்கும், நிறுவனத்திடம் பெற்ற கடனுக்கும் உச்சவரம்பு உண்டு. இவற்றை 141-ஆவது பிரிவு வரையறுக்கிறது.

மூன்றாவது, பிற சேவைகளுக்குத் தடை. கணக்கெழுதுதல், உள் தணிக்கை, நிதித் தகவல் அமைப்புகளை வடிவமைத்தல், முதலீட்டு ஆலோசனை, நிர்வாகச் சேவைகள் உள்ளிட்டவற்றைத் தணிக்கையாளர் அதே வாடிக்கையாளருக்கு வழங்க 144-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. தாம் எழுதிய கணக்கைத் தாமே சோதிக்கும் நிலை வரக்கூடாது என்பது இதன் நோக்கம்.

நான்காவது, பதவிப் பாதுகாப்பு. பதவிக்காலம் முடியும் முன் தணிக்கையாளரை நீக்க, பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்துடன் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். கசப்பான கேள்வி கேட்டவரை நிர்வாகம் உடனே வெளியேற்றிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

மூன்றாவது வேலிக்கு வெளிநாட்டு அனுபவமும் காரணமானது. 2001-இல் சரிந்த அமெரிக்காவின் என்ரான் நிறுவனம், தன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் தணிக்கைக்காக 2.5 கோடி டாலரும், ஆலோசனை உள்ளிட்ட பிற பணிகளுக்காக 2.7 கோடி டாலரும் வழங்கியிருந்தது. தணிக்கையைவிட ஆலோசனை அதிக வருவாய் தரும்போது வாடிக்கையாளரின் மனம் கோணாமல் நடக்கத் தோன்றும் என்ற அச்சமே அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

ஒரே நாளில் இரு நிகழ்வுகள்

2018 அக்டோபர் 1 அன்று இரண்டு நிகழ்வுகள் நடந்தன. உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐ.எல். அண்டு எஃப்.எஸ். குழுமத்தின் இயக்குநர் குழுவை நீக்கிவிட்டுப் புதிய குழுவை அமர்த்த மத்திய அரசுக்குத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதி அளித்தது. அதே நாளில் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் செயல்பாட்டுக்கு வந்தது.

ரூ.90,000 கோடிக்கும் மேற்பட்ட கடன் சுமை கொண்டிருந்த அந்தக் குழுமம், தவணைகளைச் செலுத்தத் தவறுவதற்குச் சில வாரங்கள் முன்பு வரை மிக உயர்ந்த கடன் தரமதிப்பீட்டைப் பெற்றிருந்தது. அதன் கடன் பத்திரங்களில் வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி அறக்கட்டளைகளின் பணமும் முடங்கியது. தணிக்கை அறிக்கைகள் உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லையே என்ற கேள்வி பரவலாக எழுந்தது.

குழுமத்தின் நிதிச் சேவை நிறுவனமான ஐ.எஃப்.ஐ.என்.-இன் 2017-18 நிதியாண்டுத் தணிக்கையை ஆய்வு செய்த ஆணையம், 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. டெலாய்ட் ஹஸ்கின்ஸ் அண்டு செல்ஸ் நிறுவனமும் அதன் கூட்டு நிறுவனங்களும் தடை செய்யப்பட்ட பிற சேவைகளை வழங்கியதால், தணிக்கையாளராக அதன் நியமனமே சட்டப்படி செல்லத்தக்கதல்ல என்று ஆணையம் கருத்துத் தெரிவித்தது. அந்நிறுவனம் இதை ஏற்கவில்லை. 2020 ஜூலையில், தணிக்கைக்குப் பொறுப்பு வகித்த அதன் முன்னாள் தலைமை நிர்வாகிக்கு ரூ.25 லட்சம் அபராதமும் 7 ஆண்டு தடையும் விதித்து ஆணையம் உத்தரவிட்டது.

தணிக்கையில் ஈடுபடும் நிறுவனமும் ஆலோசனை வழங்கும் நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு அமைப்புகளாக இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே வணிகப் பெயரின் கீழ் இயங்குபவை. எனவே ‘தணிக்கையாளர்’ என்ற சொல் எந்த எல்லை வரை நீள்கிறது என்பதில்தான் தடையின் வலிமை இருக்கிறது. 2023 டிசம்பரில் ஐந்து பெரிய தணிக்கை நிறுவனங்கள் குறித்து ஆணையம் வெளியிட்ட முதல் ஆய்வு அறிக்கைகளிலும், சுதந்திரத்தைப் பேணும் கொள்கைகளும் கூட்டு நிறுவனங்களுடனான உறவும் முக்கிய இடம் பெற்றன.

வெளியேறுவது தீர்வாகுமா?

நிர்வாகத்துடன் கருத்து வேறுபாடு ஏற்படும்போது தணிக்கையாளருக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, குறைகளை அறிக்கையில் வெளிப்படையாகப் பதிவு செய்வது. மற்றொன்று, விலகிவிடுவது. 2018-இல் வக்ராங்கீ, மன்பசந்த் பெவரேஜஸ் ஆகிய பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் வேளையில் விலகினர். அவற்றின் பங்கு விலைகள் சரிந்தன. 2023 ஜூனில் பைஜூஸ் நிறுவனத்தின் கணக்குகள் உரிய காலத்தில் கிடைக்கவில்லை என்று கூறி டெலாய்ட் வெளியேறியது.

விலகல் ஓர் எச்சரிக்கை மணிதான். ஆனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் வெளியேறினால், உண்மையை அறிந்தவர் மௌனமாகச் சென்றுவிட, அறியாத முதலீட்டாளரே இழப்பைச் சுமக்கிறார். இதனால் 2019 அக்டோபரில் செபி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. காலாண்டு முடிந்து 45 நாள்களுக்குள் விலகும் தணிக்கையாளர் அந்தக் காலாண்டுக்கான ஆய்வறிக்கையை முடித்துக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று காலாண்டுகளுக்குக் கையொப்பமிட்டவர் அந்த நிதியாண்டின் தணிக்கையையும் முடித்த பிறகே விலக முடியும்.

விலகிய பின்னரும் பொறுப்பு தொடருமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2023 மே 3 அன்று விடை அளித்தது. மோசடிக்குத் துணைபோனதாகக் குற்றம் சாட்டப்படும் தணிக்கையாளர் மீது 140(5) பிரிவின் கீழ் தீர்ப்பாயம் விசாரணை நடத்தலாம். அவர் ஏற்கெனவே விலகிவிட்டால் இப்பிரிவு பொருந்தாது என்று 2020-இல் மும்பை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. ஐ.எல். அண்டு எஃப்.எஸ். தொடர்பான அந்த வழக்கில், விலகல் கடிதம் விசாரணைக்கு முற்றுப்புள்ளி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு

தணிக்கையாளர்களின் ஒழுங்கு நடவடிக்கைகளை 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவனித்து வந்தது இந்தியப் பட்டயக் கணக்காளர்கள் நிறுவனம். அதன் தலைமையகம் தில்லி இந்திரபிரஸ்த மார்க்கில் உள்ளது. தொழில் புரிவோர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு சபை, அதே தொழில் புரிவோரைத் தண்டிக்குமா என்ற ஐயம்தான் தனி ஆணையத்துக்குக் காரணமானது. பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியான சில வாரங்களில், 2018 மார்ச் 1 அன்று மத்திய அமைச்சரவை ஆணையத்தை அமைக்க ஒப்புதல் அளித்தது.

ஆணையத்தின் அதிகாரங்களை வழங்கும் 132-ஆவது பிரிவை எதிர்த்துத் தணிக்கை நிறுவனங்களும் பட்டயக் கணக்காளர்களும் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2025 பிப்ரவரி 7 அன்று வெளியான தீர்ப்பு இரு பகுதிகளைக் கொண்டது. சட்டப் பிரிவு அரசமைப்புக்கு உட்பட்டதே என்று நீதிமன்றம் உறுதி செய்தது. தனிநபர் தணிக்கையாளரின் தவறுக்கு அவர் சார்ந்த நிறுவனத்தையும் பொறுப்பாக்கலாம் என்பதையும் ஏற்றது. ஆனால் மனுதாரர்களுக்கு ஆணையம் அனுப்பிய விளக்கம் கோரும் நோட்டீஸ்களை ரத்து செய்தது.

ரத்துக்கான காரணமே இவ்விவகாரத்தின் மையம். தணிக்கையின் தரத்தை ஆய்வு செய்து ‘இது விதிமீறல்’ என்று முடிவுக்கு வந்தவர்களே, அதே விவகாரத்தில் ஒழுங்கு நடவடிக்கையையும் தொடங்கியிருந்தனர். ஆய்வுக்கும் தண்டனைக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்க வேண்டும் என்ற சட்டத்தின் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்று நீதிமன்றம் கருதியது. முன்முடிவுடன் அனுப்பப்படும் நோட்டீஸுக்கு அளிக்கும் விளக்கம் வெறும் சடங்காகிவிடும் என்பது இதன் உட்பொருள்.

ஆணையம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2025 மார்ச்சில், நடவடிக்கைகளைத் தொடரலாம், ஆனால் இறுதி உத்தரவு பிறப்பிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது.

தாம் எழுதிய கணக்கைத் தாமே சோதிக்கக் கூடாது என்று தணிக்கையாளருக்குச் சட்டம் விதித்த அதே நெறியை, தாம் கண்டறிந்த குற்றத்துக்குத் தாமே தீர்ப்பு எழுதக் கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்புக்கும் நீதிமன்றம் பொருத்தியிருக்கிறது. தணிக்கை நிறுவனங்களுக்கு இது வெற்றியாகத் தோன்றலாம். நீண்ட கால நோக்கில் இது ஆணையத்துக்கே நன்மை. நடைமுறைக் குறையால் ரத்தாகும் உத்தரவு, தவறு செய்தவருக்கே பயன்படும் என்பதற்குச் சத்யம் வழக்கின் இழுபறியே சான்று.

எஞ்சி நிற்கும் கேள்வி

வேலிகள் எத்தனை எழுப்பினாலும் அடிப்படை முரண்பாடு அப்படியே உள்ளது. தணிக்கையாளரைப் பங்குதாரர்கள் பொதுக்கூட்டத்தில் நியமிக்கிறார்கள் என்பது சட்டத்தின் வாசகம். இந்தியாவின் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் நிறுவனர் தரப்பு 75 சதவீதம் வரை பங்குகளை வைத்திருக்கலாம். நியமனத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆகவே பாதிக்கு மேல் பங்கு வைத்துள்ள நிறுவனர் குடும்பம் விரும்புபவரே தணிக்கையாளர் ஆகிறார். பெயரைப் பரிந்துரைக்கும் தணிக்கைக் குழுவில் சுயேச்சை இயக்குநர்கள் பெரும்பான்மையாக இருந்தாலும், அவர்களது நியமனத்திலும் அதே தரப்பின் வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

மாற்று வழிகள் இந்தியாவிலேயே நடைமுறையில் உள்ளன. அரசு நிறுவனங்களின் தணிக்கையாளரை அந்த நிறுவனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அரசமைப்பின் பாதுகாப்புப் பெற்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே (சி.ஏ.ஜி.) நியமிக்கிறார். வங்கிகளுக்கு 2021 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதித்த நெறிமுறைகள் நிறுவனங்கள் சட்டத்தைவிடக் கடுமையானவை: தொடர்ந்து 3 ஆண்டுகள் மட்டுமே பணி, அதன்பின் 6 ஆண்டு இடைவெளி, ரூ.15,000 கோடி அல்லது அதற்கு மேல் சொத்து மதிப்புள்ள வங்கிகளில் குறைந்தது இரண்டு தணிக்கை நிறுவனங்களின் கூட்டுத் தணிக்கை.

இந்த மாற்றுகளும் குறையற்றவை அல்ல. அரசு நிறுவனங்களில் தணிக்கைக் கட்டணம் குறைவு என்ற மனக்குறை தணிக்கையாளர்களிடையே நீண்ட காலமாக உண்டு. குறைந்த கட்டணம் குறைந்த உழைப்புக்கு இட்டுச்செல்லக்கூடும். அடிக்கடி மாறும் தணிக்கையாளருக்குச் சிக்கலான நிறுவனத்தைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு கழிந்துவிடலாம். கூட்டுத் தணிக்கையில் பொறுப்பை ஒருவர் மற்றவர் மீது தள்ளும் வாய்ப்பும் உள்ளது.

தணிக்கையாளரின் சுதந்திரத்தை வலுப்படுத்துவது குறித்து மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2020 பிப்ரவரியில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுக் கருத்துகளைக் கோரியது. குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்குக் கூட்டுத் தணிக்கையைக் கட்டாயமாக்குவது உள்ளிட்ட யோசனைகளை நிறுவனச் சட்டக் குழு 2022-இல் பரிந்துரைத்தது. கட்டணம் யார் கையிலிருந்து வருகிறது என்ற வேர்க் கேள்வியைத் தொடும் அளவுக்கு விவாதம் இன்னும் செல்லவில்லை.

முதலீட்டாளர் கவனிக்க வேண்டியவை

சட்டம் மாறும் வரை காத்திருக்காமல், சாதாரணப் பங்குதாரர் சிலவற்றைத் தாமே சரிபார்க்க முடியும். தணிக்கையாளருக்கும் அவரது கூட்டு நிறுவனங்களுக்கும் நிறுவனமும் அதன் துணை நிறுவனங்களும் வழங்கிய மொத்தக் கட்டணத்தை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. கணக்குக் குறிப்புகளில் தணிக்கைக் கட்டணமும் பிற சேவைகளுக்கான கட்டணமும் தனித்தனியே காட்டப்பட்டிருக்கும். இரண்டாவது தொகை முதலாவதை நெருங்கினால், அல்லது மிஞ்சினால், காரணம் கேட்கப்பட வேண்டும்.

தணிக்கையாளர் பதவிக்காலத்தின் நடுவே விலகினால், அவர் கூறிய காரணத்தைப் பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் வாசிக்கலாம். ‘தனிப்பட்ட காரணங்கள்’, ‘பணிச்சுமை’ போன்ற பொதுவான சொற்கள் மட்டும் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தணிக்கை அறிக்கையில் உள்ள நிபந்தனைகளும் வலியுறுத்தல் குறிப்புகளும் இலாப எண்ணைவிட முக்கியமானவை.

ஆணையத்தின் அதிகார எல்லை எது என்பதை உச்ச நீதிமன்றமே முடிவு செய்யும். அத்தீர்ப்பு எதுவாக இருந்தாலும், சத்யம் எழுப்பிய கேள்வி மாறாது: வங்கிக்கு எழுதும் கடிதத்தைத் தணிக்கையாளர் தாமே அனுப்புகிறாரா, அல்லது வாடிக்கையாளரிடம் கொடுத்து அனுப்புகிறாரா? கோடிக்கணக்கானோரின் சேமிப்பு அந்தச் சிறு வேறுபாட்டை நம்பியே இருக்கிறது.